280 ரேண்டுக்கு ஓர் அடுப்படி

மகனுக்கு நான்கு வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தின் தென்மேற்கே நாங்கள் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில், பழைய பொருள்களை விற்று வரும் பணத்தை நோயாளிகளின் பராமரிப்புக்குச் செலவிடும் ஒரு கடை இருக்கிறது. அதன் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய புத்தகப் பெட்டிகளுக்கும் இடையில் அந்த விளையாட்டு அடுப்படி நின்றிருந்தது. ஒரு கதவு கீல் உடைந்து தொங்கியது. இன்னொரு கதவுக்கு யாரோ நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். குழாய் இல்லை, அடுப்பு வட்டங்களாக ஒட்டியிருந்த படங்களில் பாதி உரிந்து போயிருந்தன. விலை 280 ரேண்ட். அதே அளவுள்ள புதிய மர அடுப்படி ஒன்றைக் கடைவீதியில் 2,400 ரேண்டுக்குப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த வாரம் அது.

நாள்தோறும் மாலையில் நான் சமைக்க நிற்கும்போது, மகன் குளியலறை முக்காலியை இழுத்து வந்து என் அருகில் போட்டு ஏறிக்கொள்வான். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2023ஆம் ஆண்டில், இந்த நாட்டின் எத்தனையோ குடும்பங்களைப் போல நாங்களும் மின்னடுப்பை விட்டுவிட்டு கேஸுக்கு மாறினோம். தாளிக்கும் எண்ணெய்க்கும் அவன் முகத்துக்கும் இடையில் ஒரு முழ தூரம்கூட இருக்காது. அவனை அங்கிருந்து விரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவன் பார்க்க விரும்புவது சமையலைத்தான். ஆகவே, அவனுக்கென்று ஓர் அடுப்படி, என் அடுப்படிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே சில நிமிடங்கள் மண்டியிட்டு அதைச் சோதித்தேன். இத்தகைய அடுப்படிகள் பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகையால் செய்யப்பட்டு, மேலே வழுவழுப்பான தாள் ஒட்டப்பட்டவை. மர இழைகளைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்யும் அந்தப் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, பெயின்ட் எவ்வளவு அடித்தாலும் அந்த வீக்கம் தெரியும். கால் பகுதியையும் தொட்டியைச் சுற்றியுள்ள விளிம்பையும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், உறுதியாக இருந்தன. டர்பனின் ஈரக் காற்றில் கரப்பான் பூச்சி இல்லாத அலமாரி அரிது என்பதால் உள் மூலைகளில் முட்டைக்கூடுகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டியபோது இணைப்புகள் கிறீச்சிடவில்லை. உடைந்த கீலும் காணாமல் போன குழாயும் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை, அவற்றை மாற்றிவிடலாம். உப்பிய பலகையாக இருந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதிலிருந்த மின்னணு அடுப்பைக் கழற்றினேன். பொத்தானை அழுத்தினால் எண்ணெய் காய்வதைப் போல ஓசை எழுப்பும் பிளாஸ்டிக் பெட்டி அது. அதன் பின்மூடியில் திருகு இல்லை, விரலால் தள்ளினால் திறந்துகொண்டது. உள்ளே மூன்று பொத்தான் மின்கலங்கள் இருந்தன. குழந்தை விழுங்கிய பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பழைய விளையாட்டுப் பொருள் வாங்கும் ஒவ்வொரு பெற்றோரும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மூன்றையும் ஒட்டுநாடாவில் சுற்றி, பல்பொருள் அங்காடியில் பழைய மின்கலங்களைச் சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இப்போது எண்ணெய் காயும் ஓசையை மகனே வாயால் எழுப்புகிறான், கடுகு வெடிப்பதற்கு வேறோர் ஓசையும் வைத்திருக்கிறான்.

அடுத்தது அந்த நீலக் கதவு. மற்ற பகுதிகளெல்லாம் தொழிற்சாலையில் ஒட்டிய தாளுடனே இருக்க, இந்தக் கதவு மட்டும் முன்னாள் சொந்தக்காரர் வீட்டில் அடித்த பெயின்ட் பூசியதாக இருந்தது. அது எந்தக் காலத்துப் பெயின்ட், எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று அறிய வழியில்லை. தென்னாப்பிரிக்காவில் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 600 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு அதைவிட மிகக் குறைவு, 90 பங்கு. 2009க்கு முந்தைய டப்பாக்கள் எத்தனையோ வீடுகளின் கார் கொட்டகைகளில் இன்னும் கிடக்கும். குழந்தையின் உடலுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் கண்டறியப்படவில்லை. அப்படியொரு பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுவதும் பரவும். ஆகவே நான் அதைத் தேய்க்கவே இல்லை. கழற்றி ஒரு பையில் கட்டி ஒதுக்கிவிட்டு, இரும்புக் கடையில் அளவு கொடுத்து 60 ரேண்டுக்குப் புதிய பலகை வெட்டி வாங்கினேன். அந்தப் பெயின்ட்டில் ஈயமே இல்லாமலும் இருந்திருக்கலாம், ஆனால் 60 ரேண்டை மிச்சம் பிடிப்பதற்காக அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

பெயின்ட் விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஏப்ரல் மாதத்தில் ஈஸ்டர் விடுமுறை முடிந்த கையோடு, வீட்டுச் சுவருக்கு அடித்தது போக மீந்திருந்த வெளிர்பச்சைப் பெயின்ட்டை எடுத்து, பலகையைத் துணியால் துடைத்துவிட்டு நேராக அடித்துவிட்டேன். காய்ந்தபோது அழகாகவே இருந்தது. இரண்டு நாள் கழித்து விளிம்பில் ஒட்டியிருந்த மறைப்பு நாடாவைப் பிரித்தேன். நாடாவுடன் சேர்ந்து பெயின்ட்டும் வெங்காயத் தோலைப் போல ஒரே படலமாக உரிந்து வந்தது. அந்தப் படலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றிருந்தேன். பழைய வெள்ளைத் தாள் அடியில் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே பளபளத்தது. வழுவழுப்பான பரப்பில் பெயின்ட்டுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மீதியையும் உரித்தெடுக்க ஒரு முழு மாலை ஆனது.

மறுமுறை அவசரப்படாமல் ஜூன் மாதம் வரை காத்திருந்தேன். டர்பனில் மழையும் புழுக்கமும் கோடைக்காலத்துக்கு உரியவை. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் காற்று வறண்டு, வெயில் இதமாக இருக்கும், பெயின்ட் வேலைக்கு அதைவிட நல்ல பருவம் இங்கே கிடையாது. கைப்பிடிகள், கீல்கள், கதவுகள் அனைத்தையும் கழற்றி, திருகுகளை இடம் வாரியாகப் பழைய தீப்பெட்டிகளில் போட்டு வைத்தேன். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன், துணியில் நீர் சொட்டக் கூடாது. ஒட்டுப் படங்களின் பிசினைச் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுத்தேன். பிறகு 180ஆம் எண் உப்புத்தாளால், பளபளப்பு மங்கும் வரை மட்டும், வட்ட வட்டமாக மெல்லத் தேய்த்தேன். தாளைத் துளைத்துப் பலகை வரை போக வேண்டியதில்லை, விரலால் தடவும்போது சுண்ணாம்படித்த சுவரைப் போலச் சற்றே சொரசொரத்தால் போதும். எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது, பலகையைப் பிணைக்கும் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். ஆகவே முகமூடி அணிந்து வெளி முற்றத்தில், மகன் மழலையர் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே இந்த வேலையைச் செய்தேன்.

புதிதாக வெட்டிய கதவின் விளிம்புகள் பஞ்சைப் போல பெயின்ட்டை உறிஞ்சும். மரப்பசையில் சம அளவு தண்ணீர் கலந்து விளிம்பில் தடவி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டால் அந்த உறிஞ்சல் நின்றுவிடும். அதன்பின் டைல்ஸ், மைக்கா போன்ற வழுக்கும் பரப்புகளுக்கென்றே விற்கும் பிரைமரை, பஞ்சு ரோலரால் மெல்லிய ஒரு கோட் அடித்து இரவு முழுவதும் விட்டேன். காலையில் ஓர் ஓரத்தில் நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. அதற்கு மேல் தண்ணீரில் கரையும் எனாமல், இரண்டு கோட். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறு மணி நேரம் விட்டேன். தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் உள்ளுக்குள் இறுகி உண்மையான கடினம் பெறச் சில வாரங்கள் ஆகும். மூன்று வாரங்கள் அந்த அடுப்படி எங்கள் படுக்கையறையில் பழைய விரிப்பால் மூடப்பட்டு நின்றது, மகன் தினமும் அந்த விரிப்பைப் பற்றிக் கேட்டான்.

நிறம் எது என்பதில் எனக்கு நெடுநாள் யோசனை இருந்தது. இணையத்தில் இத்தகைய அடுப்படிகளைப் புதுப்பித்த படங்கள் ஏராளமாக உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை வெள்ளையும் சாம்பலும் பொன்னிறக் கைப்பிடியுமாகப் பத்திரிகைப் படத்துக்கு நிற்பவை போலிருக்கின்றன. அவை அழகானவைதான், ஆனால் என் மகன் பார்த்து வளரும் அடுப்படி அவற்றில் எதிலும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது வெளிர்பச்சைச் சுவரும், கேஸ் அடுப்பும், சுவரோரத்தில் மசாலா டப்பாக்களும், குக்கரின் விசிலும். விளையாட்டில் அவன் அதைத்தான் தேடுவான். எனவே அதே வெளிர்பச்சையை எனாமலில் கலந்து வாங்கினேன். மேடைக்கு மட்டும் என் ஆசைக்காகக் கறுப்பு. கும்பகோணத்தில் என் தாயார் வீட்டு அடுப்படி மேடை கடப்பைக் கல்லால் ஆனது. காலையில் ஈரத்துணியால் துடைத்தவுடன் அது கன்னங்கரேலென்று மின்னுவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தவள் நான். அந்தக் கறுப்புக்கு மிக அருகில் வரும் ஒட்டுத் தாளை இரண்டு மீட்டர் வாங்கி, பலகையில் சோப்புத் தண்ணீர் தெளித்து அதன்மேல் தாளை நகர்த்தி இருத்தி, பழைய வங்கி அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி வெளியேற்றினேன். விளிம்பைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி அடிப்புறமாக மடித்து ஒட்டினேன், விளிம்பு கண்ணில் பட்டால் எந்தக் குழந்தையும் அதை உரிக்கத்தான் செய்யும்.

அடுப்புக்குத் தடித்த கறுப்புக் கம்பளித் துணியில் ஒரு பெரிய வட்டமும் ஒரு சிறிய வட்டமும் வெட்டி ஒட்டினேன். பழைய குறுந்தகடுகளை வட்டமாக ஒட்டலாம் என்று பலர் சொல்கிறார்கள். அவை உடைந்தால் கத்தியைப் போலக் கூரான சில்லுகளாகும் என்பதால் நான் அதைத் தவிர்த்தேன். திருகிகளுக்குத் தடித்த மரக்கழியிலிருந்து இரண்டு துண்டுகள் அறுத்து, நடுவில் துளையிட்டு, நீண்ட போல்ட்டைச் செருகிப் பின்னால் நைலான் பூட்டுள்ள மறையால் இறுக்கினேன். சாதாரண மறை சுழலச் சுழலக் கழன்றுவிடும், இந்த மறை திருகியைச் சுழலவிட்டுத் தானே கழலாமல் பிடித்துக்கொள்ளும். துண்டுகளின் அளவை முடிவு செய்யக் கழிப்பறைத் தாளின் அட்டைக்குழலைப் பயன்படுத்தினேன். அந்தக் குழலுக்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் சிறு குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கொள்வது வழக்கம். மகனுக்கு நான்கு வயது என்றாலும், பக்கத்து வீட்டுப் பேத்திக்கு ஒன்றரை வயது, அவளும் வந்து விளையாடுவாள்.

உயரத்தைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானேதான் கண்டுகொண்டேன். மேடையின் உயரம் 46 சென்டிமீட்டர். மகன் அதன் முன் நின்றபோது முதுகை வளைத்துக் குனிந்தே கிண்டினான். நாம் நின்று சமைக்கும் மேடை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் இடுப்பு வலிக்காது, குழந்தைக்கும் அதுவே பொருந்தும். அடியில் இரண்டு பைன் கட்டைகளைத் திருகி ஆறு சென்டிமீட்டர் உயர்த்தியதும் அவன் நிமிர்ந்து நின்றான். அவன் வளர வளர இன்னொரு கட்டை சேர்க்க இடம் விட்டிருக்கிறேன். ஆனால் உயர்த்திய பொருள் எளிதில் சாயும், அதுவும் கதவைப் பிடித்துத் தொங்கும் வயது. இங்குள்ள வீடுகள் செங்கல் சுவர் என்பதால் ஆறு மில்லிமீட்டர் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, இரண்டு எல் வடிவ இரும்புகளால் அடுப்படியைச் சுவரோடு இறுக்கினேன். இரும்பும் திருகுகளும் சேர்த்து 35 ரேண்ட். செய்த செலவிலேயே மிகப் பயனுள்ளது இதுதான் என்று நினைக்கிறேன்.

தொட்டிக்கு என் வீட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒன்று அளவாகப் பொருந்தியது. குழாய்க்கு வளைந்த பி.வி.சி. துண்டு. மேலே நுண்ணலை அடுப்பு என்றிருந்த பெட்டியின் கதவை எடுத்துவிட்டு மசாலாத் தட்டாக்கினேன். காலியான பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் மஞ்சள், சிவப்பு, பழுப்புத் துணிகளை அடைத்து, மூடியைப் பசையால் நிரந்தரமாக ஒட்டிவிட்டேன். உணவுகளைத் தைப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வேலையாக இருந்தது. வெள்ளைக் காலுறையில் பஞ்சடைத்து நடுவில் தைத்துச் சுருக்கினால் இட்லி. பழுப்பு நூலால் வளையம் வளையமாக ஓரத்தையல் போட்ட கம்பளி வட்டம் தோசை. டர்பன் பிள்ளைக்கு, ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌ இல்லாமல் எப்படி? மெத்தைப் பஞ்சைக் கால் ரொட்டி அளவில் வெட்டி, நடுவில் குடைந்து, துணி போர்த்தி, குடைந்த இடத்துக்குள் செந்நிறக் கம்பளி நூலும் மஞ்சள் உருளைக்கிழங்குத் துண்டுகளுமாகக் கறியை நிரப்பினேன். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டையும் மேலே மூடியாக வைக்கும்படி தனியாகத் தைத்திருக்கிறேன், அதைத் தொட்டுக்கொண்டு முதலில் தின்பதுதானே இந்த ஊர் வழக்கம்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி. இவ்வூர்த் தமிழர் வழக்கப்படி அவரை ஆயா என்றே அழைக்கிறோம். நகராட்சியில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். 1960களில் அங்கிருந்தவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டபோது இங்கே வந்தவர். நான் முற்றத்தில் உப்புத்தாள் தேய்ப்பதை வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் வந்து உட்கார்ந்து, “எங்களுக்கு ஏதம்மா இதெல்லாம்? மூணு கல்லு, ஒரு பால் டின்னு. மண்ணுல தண்ணி ஊத்திக் கிண்டுனா அதான் பருப்பு” என்றார். எனக்கோ கும்பகோணத்துக் கடைத்தெருவில் ஓலைப்பெட்டியில் வைத்து விற்ற மரச் சொப்புச் சாமான்கள் நினைவுக்கு வந்தன. சிவப்பும் பச்சையுமாக அரக்குப் பூசிய கட்டைவிரலளவு அம்மி, ஆட்டுக்கல், குடம். அவர் பால் டின்னில் கிண்டியதையும் நான் சொப்பில் கிண்டியதையும் பற்றி அன்று மாலை முழுவதும் பேசினோம். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று உண்டு, மணலில் கட்டிய எங்கள் சிறுவீட்டைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சும் பருவம். அந்த மணல்வீட்டுக்குள்ளும் சோறு பொங்கியிருப்பார்கள் அல்லவா என்று நான் கேட்டேன். “பொங்காம? வீடுன்னா அடுப்புதானே” என்றார் ஆயா.

மறுநாள் அவர் ஓர் அலுமினியப் பானையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு லிட்டர் கொள்ளும், வாய் சற்று நசுங்கியது, அடியில் பல ஆண்டுக் கரி. ஆடி மாதத்தில் இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது இன்றும் தவறாமல் நடக்கிறது. தம் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வர அவர்கள் கொண்டுபோன பானை அது என்றார். அதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். “கரி போகட்டும், நசுங்கல நிமிர்த்திடாத” என்று மட்டும் சொன்னார். நான் நிமிர்த்தவில்லை. நசுங்கிய இடத்தில் கூர் முனை இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

செலவுக் கணக்கைக் கேட்பவர்களுக்காக: அடுப்படி 280, கதவுப் பலகை 60, பிரைமர் 120, எனாமல் 130, உப்புத்தாள் 30, ரோலர் 45, ஒட்டுத் தாள் 90, சுவர் இரும்புகள் 35. ஆக மொத்தம் 790 ரேண்ட். துணி, பஞ்சு, மரக்கழி, பைன் கட்டை, கீல், போல்ட்டுகள் எல்லாம் வீட்டில் கிடந்தவை. குறைக்க நினைப்பவர்கள் ஒட்டுத் தாளையும் ரோலரையும் விட்டுவிடலாம். பிரைமரிலும் சுவர் இரும்பிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஜூலை மாதம், பள்ளி விடுமுறையின் ஒரு காலையில் விரிப்பை எடுத்தேன். மகன் உடனே எதையும் தொடவில்லை. முதலில் என் அடுப்பைப் பார்த்தான், பிறகு தன் அடுப்பைப் பார்த்தான், பிறகு குளியலறைக்குப் போய் முக்காலியை எடுத்துவந்து அதை ஆயாவுக்காகப் போட்டான். அன்று முதல் அவன் சமைப்பதில் பெரும்பகுதி கஞ்சிதான். எங்கள் எல்லோருக்கும், வரும் விருந்தினருக்கும், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்கும்கூட ஊற்றியிருக்கிறான். மாதம் ஒருமுறை நான் எல்லாத் திருகுகளையும் சோதித்து இறுக்குகிறேன். நேற்றுப் பார்த்தபோது சுவர் இரும்புகள் அசையவில்லை, கதவுக் கீல்கள் சரியாக இருந்தன, பெயின்ட் எங்கும் பெயரவில்லை. பெரிய அடுப்பின் திருகி மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது, கஞ்சிப் பானையை அவன் எப்போதும் அதன்மேல்தான் வைக்கிறான்.